கால் கட்டை தூரத்துக்கு ஓட்டோ

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறு படிப்பிக்கிற வாத்தி எழுதினால் நீளமாகத்தான் வரும். ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருந்தால் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். வாப்பா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகக் கதிரையில் இருந்தபடி சொன்னார்: “தம்பி, ஓட்டோக்காரனுக்கு ஒருக்கா கோல் எடு.”

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசல் கால் கட்டை தூரம்கூட இல்லை. அதாவது 400 மீற்றருக்குள். வாப்பாவுக்கு 81 வயது. சீனி வருத்தம் இல்லை, முழங்காலில் கொஞ்சம் நோ இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டு முற்றத்தில் காலையும் மாலையும் நடக்கிறார். ஆனால் படலைக்கு வெளியே கால் வைக்க மாட்டேன் என்கிறார்.

இதே மனிசன் 1990க்கு முன்னர் சோனகத் தெருவிலிருந்து பெரியகடையில் இருந்த தையல் கடைக்கு நாளைக்கு நாலு தரம் நடந்தவர். காலையில் போய், மத்தியானம் சாப்பிட வந்து, திரும்பப் போய், இரவு வருவார். அந்தக் காலத்தில் அவருடைய வாப்பாவும், அதாவது எங்கள் அப்பாவும், எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகும் ஐந்து நேரத் தொழுகைக்கும் நடந்தே போய் வந்தார். ஒரு நாளும் யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பாவின் கால்கள் வாப்பாவின் கால்களைவிடப் பலமானவையா? நான் அப்படி நினைக்கவில்லை. அப்பாவுக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது. அப்படியென்றால் மாறியது எது? இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாறியது தெரு. வயதானவர் நடப்பதும் நடக்காமல் விடுவதும் அவருடைய உடம்பில் பாதி, அவர் வாசலுக்கு வெளியே இருக்கும் தெருவில் பாதி. நாங்கள் முதல் பாதிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

*

முதலில் பழைய கதை.

யாழ்ப்பாணக் குடாநாடு நடக்க வசதியான நிலம். மலை இல்லை, வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. எல்லாம் மட்டமான சுண்ணக்கல் தரை. இங்கே நடப்பவருக்கு எதிரிகள் மூன்று: வெயில், தாகம், சுமை. எங்கள் முன்னோர் இந்த மூன்றுக்கும் தெருவிலேயே விடை வைத்திருந்தார்கள்.

பருத்தித்துறையில் தும்பளை வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. போகாதவர்கள் ஒரு தரம் போய்ப் பாருங்கள். வீதிக்கு மேலே கூரை. வீதி மடத்துக்குள்ளாலேயே போகிறது. இரண்டு பக்கமும் கல் தூண்களும் உயர்ந்த திண்ணைகளும். நடந்து வருகிறவர் பாதையை விட்டு விலக வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏறி இருக்கலாம், படுக்கலாம். வெயில் தணிந்ததும் இறங்கி நடக்கலாம்.

அடுத்தது சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, அதற்குமேல் ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம், பிறகு தானாகவே தலைக்கு எடுக்கலாம். அதன் உயரமே அதற்காகத்தான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது வழக்கம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் வருகிற முன்பின் தெரியாதவரின் சுமையை இறக்கி வைக்க ஒரு இடம். அதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கிணறோ கேணியோ, ஒரு மர நிழலோ இருக்கும்.

மூன்றாவது சங்கடப்படலை. இதைப் பற்றி என் வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. பழைய வீடுகளின் படலைக்கு மேலே சின்னக் கூரை போட்டு, பக்கத்தில் இருப்பதற்கு ஒரு திட்டும் வைத்திருப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் தெருவால் போகிறவர் ஒதுங்கலாம். பல வீடுகளில் குடத்தில் தண்ணீரும் வைத்திருப்பார்கள். அதாவது தன் வீட்டு வாசலில் ஒரு துண்டைத் தெருவுக்குக் கொடுத்துவிடுவது.

நான்காவது வேலி. கதியால் வேலியில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கையும் நிற்கும். இரண்டு பக்கமும் வேலி இருந்தால் ஒழுங்கை முழுவதும் நிழல். பத்து மணி வெயிலிலும் ஒரு பக்கம் குளிர்ச்சியாக இருக்கும்.

அந்த வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். பொட்டு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெற்றிப் பொட்டுத்தான் தெரியும். இது ஆள் குனிந்து போகக்கூடிய வேலி ஓட்டை. அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் தெருவுக்கு வராமலே போகும் வழி. எங்கள் உம்மாமார், உங்கள் அம்மாமார் நடந்த நடையில் பெரும் பங்கு இந்தப் பொட்டுகளுக்குள்ளால்தான். கறிவேப்பிலை வாங்கப் போவார்கள், பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கப் போவார்கள், மையத்து வீட்டுக்குப் போவார்கள். எழுபது வயது மனிசி ஒரு நாளில் பத்து வீட்டுக்குப் போய் வந்திருப்பா. அதை அவ நடை என்று சொல்லவே மாட்டா. “சும்மா பக்கத்து வீட்டுக்குப் போனனான்” என்பா.

*

இனி எங்கள் சோனகத் தெரு.

யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு விதமான தெரு அமைப்பு இருக்கிறது. கோட்டைக்குக் கிழக்கே ஒல்லாந்தர் காலத்துக் குடியிருப்பு. பிரதான வீதியும் அதை வெட்டும் குறுக்குத் தெருக்களும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் எங்கள் பகுதி அப்படியில்லை. சின்னக் காணிகள், ஒட்டி ஒட்டி வீடுகள், வளைந்து திரும்பும் ஒழுங்கைகள், அவை வந்து சேரும் ஐந்து சந்தி. வெளியிலிருந்து வருகிறவருக்கு இது ஒழுங்கில்லாத நெருக்கடி. வயதானவருக்கு இதுதான் வசதி.

ஏன் என்று சொல்கிறேன். நெருக்கமான தெருவில் எல்லாம் கிட்ட இருக்கும். தொழுகைக்குப் பள்ளி, மீனுக்கும் இறைச்சிக்கும் கடை, பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கதைக்கக் கூட்டாளி. ஐந்து நேரத் தொழுகை என்பது ஒரு நாளில் ஐந்து தரம் வீட்டை விட்டு வெளிக்கிடக் காரணம். டொக்டர் “நடவுங்கோ” என்று சொல்லாமலே, அப்பா ஒரு நாளில் பத்துத் தரம் அந்தக் கால் கட்டையை நடந்தார். கூட்டிப் பார்த்தால் நாளைக்கு இரண்டரைக் கட்டை. அதை அவர் தேகப்பயிற்சி என்று நினைத்ததே இல்லை.

அந்தக் கிட்ட இருத்தல் எங்கள் சமூகத்துக்குள் மட்டும் அடங்கியதும் அல்ல. 1911ல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் பின்னாளில் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகவும், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் ஆனவர். அவர் ஓதியது குர்ஆன் மதரஸாவில். படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். மதரஸாவும் சிவன் கோயிலடிப் பள்ளிக்கூடமும் ஒரு சின்னப் பிள்ளையின் நடை தூரத்துக்குள் இருந்த ஊர் இது. பிள்ளை நடக்கக்கூடிய ஊரில் கிழவனும் நடப்பான்.

அப்பாவின் அந்தக் கால் கட்டை வழியில் மூன்று தரிப்பிடம் இருந்தது. எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலாவது, முடக்கில் இருந்த தேத்தண்ணிக் கடை. வெளியே ஒரு நீட்டு வாங்கு. இரண்டாவது, ஒரு ஹாஜியாரின் வீட்டு வெளித்திண்ணை. மூன்றாவது, சந்தி வேம்பின் அடியில் கட்டியிருந்த சீமெந்துக் கட்டு. அப்பா ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம் இருப்பார். யாராவது “என்ன காக்கா, இண்டைக்குப் பிந்திட்டீங்க” என்பார்கள். பிறகு எழும்பி நடப்பார்.

*

இது வெறும் பழைய நினைவு என்று சிலர் சொல்லலாம். உலகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஜப்பானில் டோக்கியோ நகரத்து முதியோர் 3,000க்கும் மேற்பட்டவர்களை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2002ல் வெளியானது. வீட்டுக்குக் கிட்ட நடக்கக்கூடிய மர நிழல் வீதிகளும் பூங்காவும் உள்ளவர்கள் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள் என்பது அதன் முடிவு. வயது, ஆண் பெண், வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2007ல் முதியோருக்கு ஏற்ற நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 33 நகரங்களில் வயதானவர்களையே கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டுத் தயாரித்தது. அவர்கள் கேட்டது பெரிய பாலமோ மேம்பாலமோ இல்லை. இருப்பதற்கு இடம், நல்ல நடைபாதை, மலசலகூடம், பயமில்லாமல் வீதி கடக்க வழி.

பிரித்தானியாவின் போக்குவரத்துத் திணைக்கள வழிகாட்டி ஒன்று, ஆட்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீற்றருக்கு ஒரு இருக்கை இருக்க வேண்டும் என்கிறது. அப்பாவின் 400 மீற்றர் வழியில் மூன்று தரிப்பிடம் இருந்தது. அந்தக் கணக்குக்கு அது குறைவுதான். ஆனால் இன்றைக்கு அந்த வழியில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, என் கணித ஆசிரியத் தோழர்களுக்காக. பிரித்தானியாவில் வீதி கடக்கும் பச்சை விளக்கின் நேரத்தை, ஒருவர் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று வைத்துத்தான் கணக்கிட்டு வந்தார்கள். 2012ல் வந்த ஒரு ஆய்வு, இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீற்றர், பெண்களின் வேகம் 0.8 மீற்றர் என்று காட்டியது. 12 மீற்றர் அகலமான வீதி என்று வையுங்கள். கணக்குப்படி 10 செக்கன். எங்கள் உம்மாவுக்கு 15 செக்கன். அந்த மிச்ச 5 செக்கனும் அவ நடு வீதியில் நிற்கிறா. சிங்கப்பூரில் இதற்கு 2009லேயே வழி செய்தார்கள். முதியவர் தன் அட்டையை விளக்குக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு சில செக்கன் கூடுதலாக எரியும்.

எங்கள் வீதிகளில் பெரும்பாலும் விளக்கே இல்லை. மஞ்சள் கோடு இருக்கிறது, வாகனம் நிற்குமா என்பது ஓட்டுகிறவரின் மனசைப் பொறுத்தது.

*

இனி எல்லாருக்கும் நோகிற பகுதி.

1990 ஒக்டோபர் 30. எனக்கு அப்போது 14 வயது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும். கையில் சில நூறு ரூபாய். வடமாகாணம் முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். சிலர் வாகனத்தில், சிலர் கடலால், பலர் நடந்து. அப்பாவும் அன்றைக்கு நடந்தார். தேத்தண்ணிக் கடை, திண்ணை, வேம்பு, மூன்றையும் தாண்டி ஒன்றிலும் இருக்காமல் நடந்ததை நான் பார்த்தேன்.

புத்தளத்தில் எங்களுக்குத் தென்னந்தோட்டத்து மணலில் ஓலைக் கொட்டில். அங்கே அப்பா நடக்கவில்லை. மணலில் கால் புதையும் என்றார். உண்மைக் காரணம் அது மட்டும் இல்லை என்று இப்போது விளங்குகிறது. அந்தக் கொட்டிலுக்கு வெளியே அவர் போவதற்கு ஒரு இடமும் இருக்கவில்லை. “என்ன காக்கா” என்று கேட்க ஆளும் இல்லை. மூன்று வருஷத்தில் மவுத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய கபுறை விசாலமாக்குவானாக.

1995 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருஷம். அதே திகதி. வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில், மழையில், ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். அந்த நடையில் வந்த வயதானவர்களைப் பற்றி என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியை சொன்னா. தன் அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளினார்களாம். வழியில் இருக்க ஒரு கல்லுக்கூட இல்லை, எல்லா இடமும் ஆட்கள், விலகினால் தொலைந்துவிடுவோம் என்று நடந்துகொண்டே இருந்தோம் என்றா.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் இதை எழுதவில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றை மறைக்கவும் இல்லை. கருத்துப் பகுதியில் யாரும் அந்தச் சண்டையைத் தொடங்க வேண்டாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எங்கள் குடாநாட்டின் முதியவர்களுக்கு நடை என்ற சொல்லோடு இப்படி ஒரு ஞாபகமும் ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு சோதனைச் சாவடிகள், ஊரடங்கு, உயர் பாதுகாப்பு வலயம். வலிகாமம் வடக்கில் 1990ல் மூடிய பாதைகள் சில இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2025 ஏப்ரலில் பலாலி வீதியின் மூடியிருந்த பகுதியைத் திறந்தபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? வாகனத்தில் போகலாம், இடையில் நிறுத்தக் கூடாது, நடந்து போகக் கூடாது. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு வீதி திறக்கிறது. அந்த ஊரில் பிறந்த கிழவருக்கு அப்போது அதில் தன் காலை வைக்க அனுமதி இருக்கவில்லை.

*

2009க்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினோம். நான் 2011ல் மாற்றம் எடுத்து வந்தேன். வாப்பாவும் உம்மாவும் என்னோடு வந்தார்கள்.

வீதிகள் திருத்தப்பட்டன. கார்பெட் போட்டார்கள், அகலமாக்கினார்கள். நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். அம்புலன்ஸ் வருகிறது, பஸ் வருகிறது. ஆனால் அகலமாக்கும்போது சந்தி வேம்பு போனது. வேலி இருந்த இடமெல்லாம் மதில் வந்தது. மதில் நிழல் தராது, உச்சி வெயிலில் சூட்டைத் திருப்பி எங்கள் மேலேயே எறியும். பொட்டும் போனது. மதிலில் பொட்டு வைக்க முடியாதே. தெரு உயர்ந்ததால் வீட்டு வாசல் பள்ளமானது. தெருவுக்கும் வாசலுக்கும் நடுவில் கான். அதற்கு மேலே மூடி சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் உடைந்திருக்கிறது, சில இடத்தில் இல்லவே இல்லை.

தேத்தண்ணிக் கடைக்காரரின் குடும்பம் திரும்பி வரவில்லை. ஹாஜியாரின் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. திண்ணையைக் கிழித்துக்கொண்டு ஆலங்கன்று வளர்ந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இப்போதும் அப்படிப்பட்ட வளவுகள் பல. பிள்ளைகளின் படிப்பு, தொழில் எல்லாம் புத்தளத்தில். பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே.

வாப்பா வந்த புதிதில் நடந்தார். ஆசையோடு நடந்தார். ஒரு நாள் மோட்டார் சைக்கிளுக்கு விலத்தப் போய், கான் மூடி ஆடி, விழுந்துவிட்டார். முறிவு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றைக்குப் பிறகு வெளியே நடப்பது குறைந்தது. முதலில் இஷாவுக்குப் போவது நின்றது, இருட்டு என்றார். பிறகு லுஹர் நின்றது, வெயில் என்றார். பிறகு எல்லாம் நின்று, வெள்ளிக்கிழமை மட்டும் ஓட்டோ.

நான் அவரைக் குறை சொன்னேன். “வாப்பா, நடக்காட்டிக் கால் இறுகிப்போகும்” என்று வாத்தித்தனமாகச் சொன்னேன். அன்றைக்கு, அந்த ஓட்டோ கேட்ட வெள்ளிக்கிழமை, அவர் சொன்ன பதில் என் வாயை அடைத்தது.

“நடக்கலாம் தம்பி. இடையில எங்க இருக்கிறது?”

வீதி திரும்பி வந்திருக்கிறது. தரிப்பிடம் திரும்பி வரவில்லை. இவ்வளவு நாளும் நான் அவருடைய முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மாவின் கதை இன்னும் மோசம். வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமையாவது இருக்கிறது. பொட்டு அடைபட்ட பிறகு உம்மாவுக்கு அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் கேற்றைத் திறந்து, கானைத் தாண்டி, வாகனம் பறக்கும் வீதிக்கு வந்து, இன்னொரு கேற்றைத் தட்ட வேண்டும். ஆகவே போவதில்லை. கைத்தொலைபேசியில் கதைக்கிறா. நடந்த நடையும் போனது, பார்த்த முகமும் போனது.

இது எங்கள் தெருவின் பிரச்சினை மட்டும் இல்லை. என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர்களிடம் கேட்டேன். ஒருவரின் ஐயா கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். பிள்ளைகள் கனடாவில். பெரிய வீடு, பெரிய மதில், கமரா. உள்ளே எண்பது வயது மனிசன் வரவேற்பறையில் சுற்றிச் சுற்றி நடக்கிறார். எங்களுக்குள் ஆயிரம் இருக்கலாம். எங்கள் வாப்பாவும் அவருடைய ஐயாவும் ஒரே காரணத்துக்காகத்தான் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 12.4. அதற்குப் பிறகு கூடிக்கொண்டே போகிறது. இளம் ஆட்கள் வெளிநாடு போகிற எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் அதைக் கண்ணாலே காணலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் கிழமைக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்கு 150 என்றால் நாளைக்கு இருபத்திரண்டு நிமிஷம் அளவில். பள்ளிக்கோ கோயிலுக்கோ சந்தைக்கோ நடந்து போய் வந்தால் முடிகிற கணக்கு.

*

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களை மாநகர சபையும் பிரதேச சபைகளும் செய்யட்டும். நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்போம்: கான்களுக்கு ஆடாத மூடி, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில், ஆஸ்பத்திரி வாசல்களில் வேகத்தடை, வீதி அகலமாக்கும்போது ஒரு மரம் வெட்டினால் நிழல் விழக்கூடிய இடத்தில் இரண்டு மரம்.

ஆனால் மேலே சொன்ன பழைய கதையைத் திரும்பப் பாருங்கள். சுமைதாங்கியையும் சங்கடப்படலையையும் எந்த அரசாங்கம் கட்டியது? ஒரு குடும்பம் கட்டியது. செத்த மகளின் பேரில் கட்டியது, நேர்த்திக்குக் கட்டியது, தன் வாசலில் கட்டியது. தர்மம் என்று நினைத்துக் கட்டியது. வழியில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் ஸதகா என்று எங்கள் மார்க்கமும் சொல்கிறது. மவுத்தான பெற்றோர் பேரில் ஸதகத்துல் ஜாரியாவாகக் கிணறு தோண்டுகிறோம், பள்ளிக்கு மின்விசிறி கொடுக்கிறோம். ஒரு வாங்கு கொடுத்தால் என்ன? நிழலில் ஒரு வாங்கு. முதுகு சாய, கை ஊன்றி எழும்பக் கைப்பிடியோடு. வயதானவருக்கு இருப்பதைவிட எழும்புவதுதான் கஷ்டம். கைப்பிடியை மறக்க வேண்டாம்.

நான் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. முடக்கில் பழைய தேத்தண்ணிக் கடை இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் இப்போது ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அந்தத் தம்பியிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “சேர், பொடியள் வந்து இருந்து சிகரெட் பத்துவாங்கள்” என்றார். நியாயமான பயம். காலையில் வெளியே வைத்து இரவு உள்ளே எடுப்போம் என்று முடிவு செய்தோம். பழைய மேசைக் காலில் அடித்த ஒரு வாங்கு. கடையின் தாவாரம் நிழல் தருகிறது. செலவு, நாங்கள் இரண்டு மாதம் பள்ளிக்கு ஓட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

போன வெள்ளிக்கிழமை வாப்பா கேற்றில் நின்று கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மெல்ல நடந்தார். வாங்கில் இருந்தார். கடைத் தம்பி ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தார். பக்கத்து ஒழுங்கையில் இருந்து இன்னொரு வயதானவர், புத்தளத்தில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர், வந்து பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் பாங்கு சொல்லும் வரை கதைத்தார்கள். மிச்சத் தூரம் ஒன்றாக நடந்தார்கள். திரும்பி வரும்போது வாப்பா களைத்துவிட்டார், ஓட்டோவில்தான் வந்தார். பரவாயில்லை. இன்னும் இரண்டு தரிப்பிடம் பாக்கி இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இன்னும் நிற்கிற மடம், சுமைதாங்கி, சங்கடப்படலை ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், எந்த ஊர், எந்தச் சந்தி என்று சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டு வயதானவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வெளியில போறதெண்டா இடையில எங்க இருக்கோணும்?”

அவர் காட்டுகிற இடத்தில் ஒரு வாங்கு வையுங்கள்.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் துஆச் செய்யுங்கள்.